ஆறரைப் புள்ளி எதைச் சொல்கிறது?

சுன்னாகத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளருக்கோ, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளையின் தாய் தகப்பனுக்கோ வட அமெரிக்கக் கூடைப்பந்தாட்டப் பந்தயத்தின் கணக்கு ஏன் தெரிய வேண்டும்? பத்து வருடங்களுக்கு முன்னர் தேவைப்படவில்லை. 2018 மே மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் இடம்கொடுப்பதைத் தடுத்து வைத்திருந்த மத்திய சட்டத்தை இரத்துச் செய்தது. 2021 ஓகஸ்ட்டில் கனடா, தனி ஓர் ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டுவதைச் சட்டபூர்வமாக்கியது. 2022 ஏப்ரல் 4 ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணம் தனியார் நிறுவனங்களுக்கு இணையப் பந்தயச் சந்தையைத் திறந்துவிட்டது. ஸ்காபுரோவிலோ பிரம்டனிலோ ஒரு மச்சான் இல்லாத வீடு எங்கள் ஒழுங்கைகளில் குறைவு. ஆகவே அங்கே தொலைக்காட்சியில் ஓடும் விளம்பரம் இங்கே வட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர அதிக நேரம் எடுப்பதில்லை. “ராப்டர்ஸ் மைனஸ் ஆறரை எடுத்திருக்கிறன்” என்று, ரொறன்ரோவின் கூடைப்பந்தாட்ட அணியைப் பற்றி, அங்கிருந்து ஒருவர் எழுதுகிறார். அதைப் படிக்கும் இளைஞனுக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளவும் அவன் விரும்புவதில்லை. கணக்குத் திறந்து தருகிறோம் என்று சொல்லும் முகவர்களின் கையில் அவன் அகப்படுவது அந்த இடத்தில்தான்.

எனவே திரையில் தெரிவதிலிருந்தே தொடங்குவோம். இரண்டு வரிகள். மேலே “ரொறன்ரோ −6.5”, பக்கத்தில் 1.90. கீழே எதிரணியின் பெயர், “+6.5”, அதற்கும் 1.90. முதல் எண் புள்ளி வித்தியாசம். ஆங்கிலத்தில் ஸ்பிரெட் என்றும் ஹன்டிகப் என்றும் சொல்வார்கள். இரண்டாவது எண், வென்றால் போட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் திரும்பி வரும் தொகை, போட்ட ரூபாவும் சேர்த்து. மைனஸ் இருக்கும் அணி பலமான அணி. ஆட்டம் முடிந்ததும் அதன் புள்ளிகளில் ஆறரையைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் முன்னிலையில் இருந்தால் மேல் வரி வெற்றி. இல்லாவிட்டால் கீழ் வரி வெற்றி. அதாவது ரொறன்ரோ ஏழு புள்ளியால் வென்றால் மேல் வரிக்குப் பணம். ஆறு புள்ளியால் வென்றால், ரொறன்ரோ ஆட்டத்தை வென்றும் அதன் மேல் கட்டியவர் தோற்றுவிட்டார். யாரும் அரைப் புள்ளி எடுப்பதில்லை. சமநிலை வராமல் இருக்கத்தான் அந்த அரை. வெறும் ஆறு என்று போட்டிருந்து ஆறாலேயே வென்றால், பணம் இரு பக்கத்துக்கும் திரும்பிப் போகும்.

இது நாங்கள் அறியாத யோசனை அல்ல. சனசமூக நிலையத்துக்குப் பின்னால் பட்மின்ரன் ஆடும்போது, “உனக்கு அஞ்சு பொயின்ற் தாறன், வா, ஒரு சோடாவுக்கு விளையாடுவம்” என்று கெட்டிக்காரன் அழைப்பான். பலம் குறைந்தவனும் ஒரு கை பார்க்கலாம் என்று வருவான். குதிரை ஓட்டத்திலும் அப்படித்தான்: எங்கள் நாட்டுப் பந்தயக் கடைகளில் நீண்ட காலமாகக் கட்டப்பட்டு வரும் இங்கிலாந்துக் குதிரை ஓட்டங்களில், நல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றி ஓட விடும் வகை ஒன்று உண்டு. ஆனால் இவற்றுக்கும் ஸ்பிரெட்டுக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் மிச்சம் எல்லாம் இலகு. பட்மின்ரனில் ஐந்து புள்ளியைக் கொடுத்தவன் அதைத் தெரிந்துகொண்டே ஆடுகிறான். குதிரையும் பாரத்தை முதுகில் சுமந்துதான் ஓடுகிறது. ஸ்பிரெட்டிலோ வீரர்கள் பூச்சியத்துக்குப் பூச்சியம் என்று தொடங்கி, வெல்வதற்காக மட்டும் ஆடுகிறார்கள். ஆறரை இருப்பது பந்தயச் சீட்டில்தான். ஆடுகளத்தில் ஓர் ஆட்டம் நடக்க, சீட்டில் இன்னோர் ஆட்டம் நடக்கிறது.

பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருவரின் ஆட்டத்தை வைத்தே பார்க்கலாம். சுன்னாகத்துக்குக் கிழக்கே புன்னாலைக்கட்டுவனில் ஈவினைக் கிராமத்தைச் சேர்ந்தவர் தர்ஜினி சிவலிங்கம். 208 சென்ரிமீற்றர் உயரத்துடன் வலைப்பந்தாட்டத்தில் உலகம் அறிந்த கோல் எய்பவர். 2018 ஆசிய வலைப்பந்தாட்ட இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை 69 – 50 என்று வென்றது. 2022 இறுதியாட்டத்திலும் அதே சிங்கப்பூர்தான் எதிரணி. இலங்கை 63 – 53 என்று வென்றது. இரண்டு தடவையும் கிண்ணம் எங்களுக்கு. இரண்டு தடவையும் ஊரில் அதே மகிழ்ச்சி. இப்போது இரண்டு ஆட்டத்துக்கும் இலங்கை −12.5 என்று ஒரு கோடு, அதாவது புள்ளி வித்தியாசம், போட்டிருந்ததாக வைத்துக்கொள்வோம். 2018 இல் சிங்கப்பூரின் ஐம்பதோடு பன்னிரண்டரையைக் கூட்டினால் அறுபத்திரண்டரை. இலங்கை அதைத் தாண்டிவிட்டது. 2022 இல் ஐம்பத்துமூன்றோடு கூட்டினால் அறுபத்தைந்தரை. இலங்கை எடுத்தது அறுபத்துமூன்று. ஆசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணி சீட்டில் தோற்றுப்போனது. அணியை நன்றாக அறிந்தவர், “சிங்கப்பூரை நாங்கள் வெல்லுவம்” என்று இரண்டு தடவையும் சரியாகச் சொல்லியிருப்பார். அந்த அறிவுக்கு இந்தப் பந்தயத்தில் விலை கிடையாது, ஏனென்றால் பன்னிரண்டரை என்ற எண்ணுக்குள் அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

பந்தயம் கட்டுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். “எனக்கு கேம் தெரியும்” என்று அவர்கள் சொல்வது பொய் அல்ல. வலிகாமத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கரப்பந்தும் உதைபந்தும் உண்மையாகவே தெரியும். ஆனால் எந்த அணி பலம், யாருக்குக் காயம், யாருடைய மைதானம் என்பதெல்லாம் கோடு போட்டவருக்கும் தெரியும். காலையில் ஆறரையாக இருந்த கோடு மாலையில் எட்டாக மாறியிருந்தால், இடையில் ஒரு செய்தி வந்திருக்கிறது, அல்லது ஒரு பக்கம் பெரும் பணம் விழுந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்ததைக் கழித்துவிட்டு மிஞ்சுவதன் மேல்தான் பந்தயம். அந்த மிச்சம், பெரும்பாலான நாட்களில், காசைச் சுண்டிப் போடுவதற்கு மிகக் கிட்டவாக இருக்கிறது.

இந்த முறை உருவான காரணத்தையும் சொல்ல வேண்டும். 1940களில் சிக்காகோவில் பந்தயத் தொழில் செய்த சார்ள்ஸ் மக்னீல் என்பவரின் பெயரோடுதான் இது வழமையாகச் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கணக்கு ஆசிரியராக இருந்தவர். இந்த முறை வருவதற்கு முன்னர், பலமான அணியும் நோஞ்சான் அணியும் மோதும் ஆட்டத்துக்குப் பந்தயம் பிடிக்கவே ஆள் வராது; எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள். புள்ளி வித்தியாசம் வந்த பிறகு எந்த ஆட்டமும் இரண்டு பக்கமாகப் பிரியக்கூடியதாயிற்று. ஆக, கோடு போடுகிறவர் ஆட்டத்தின் முடிவைச் சோதிடம் சொல்லவில்லை. பணத்தை இரண்டு பக்கமும் இழுக்கக்கூடிய இடத்தைத் தேடுகிறார். இலங்கை – இந்தியா ஆட்டம் போல மனம் ஒரு பக்கம் சாய்ந்த ஆட்டங்களில், இரசிகர்களின் அன்பையும் அவர் கணக்கில் எடுப்பார். தன் அணியை நேசிப்பவன் கொஞ்சம் அதிக விலை கொடுத்தே அதன் மேல் கட்டுகிறான்.

இனி அந்த 1.90. இது சின்ன எண்ணாகத் தெரிகிறது. வீட்டுக் காசு போவது இதன் வழியாகத்தான். ஒரு பக்கம் ஒருவர் ஆயிரம் ரூபா, மறு பக்கம் இன்னொருவர் ஆயிரம் ரூபா. சேர்ந்தது இரண்டாயிரம். வென்றவருக்குக் கொடுப்பது 1,900. யார் வென்றாலும் நூறு ரூபா இடையில் நிற்பவருக்கு. பந்தயம் கட்டுகிறவர் பக்கத்திலிருந்து பாருங்கள்: நூறு தடவை ஆயிரம் ஆயிரமாகக் கட்டி, 52 தடவை வெல்கிறார். பாதிக்கு மேல்! ஆனால் வெற்றிகள் கொண்டுவந்தது 52 × 900 = 46,800; தோல்விகள் கொண்டுபோனது 48,000. பாதிக்கு மேல் வென்றும் 1,200 ரூபா நட்டம். 53 தடவை வென்றால்தான் 700 ரூபா மிஞ்சும். நூற்றுக்கு 53 என்பது கேட்கச் சிறிது. ஆனால் காசு சுண்டுவதற்கு இவ்வளவு கிட்டவாக வைக்கப்பட்ட கோட்டுக்கு எதிராக வருடக் கணக்கில் அதைப் பிடித்து நிற்பவர்கள் மிகச் சிலர். அப்படி நிற்பவரின் கணக்குக்கு நிறுவனங்களே உச்சத் தொகையைக் குறைத்துவிடுவதும் வழக்கம்.

நாலு ஆட்டத்தைக் கோர்த்துக் கட்டுவது இன்னும் மோசம். இளையவர்கள் இதைத்தான் அதிகம் விரும்புகிறார்கள், ஆயிரம் போட்டால் 13,032 வரும் என்று திரை காட்டுவதால். 1.90 ஐ நாலு தடவை பெருக்கினால் அந்த எண் சரிதான். ஆனால் நாலும் சரியாக வருவதற்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு. பதினாறு தடவை கட்டினால் போகும் பணம் 16,000. சராசரியாகத் திரும்புவது 13,032. தனி ஆட்டத்தில் நூற்றுக்கு ஐந்து எடுத்தவர்கள் இதில் பதினெட்டுக்கு மேல் எடுக்கிறார்கள். நிறுவனங்களின் விளம்பரம் ஏன் எப்போதும் கோர்த்துக் கட்டியவனின் வெற்றியையே காட்டுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

விளையாட்டுக்கு விளையாட்டு இந்தக் கோடு வேறுவிதமாக நடந்துகொள்ளும். எங்கள் ஊர்களின் உயிரான கரப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அணி 25–23, 15–25, 25–22, 17–25, 15–13 என்று ஆடி மூன்றுக்கு இரண்டு செற்றில் வெல்கிறது. புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள்: வென்ற அணிக்கு 97, தோற்ற அணிக்கு 108. கிண்ணம் ஒருவருக்கு, மொத்தப் புள்ளி மற்றவருக்கு. கரப்பந்துக்கு ஹன்டிகப் காட்டும்போது அது செற்றுக்கா, மொத்தப் புள்ளிக்கா என்று பார்க்காமல் கட்டுகிறவர் தான் எதைக் கட்டினோம் என்றே அறியாதவர். கூடைப்பந்தில் வேறொரு தொல்லை. பத்து வினாடி இருக்க ஒன்பது புள்ளியால் முன்னிற்கும் அணி, ஆட்டம் முடிந்துவிட்டது என்று தடுப்பதை விட்டுவிடும். எதிரணியில் ஒருவர் தூரத்திலிருந்து ஒன்றை எறிவார், மூன்று புள்ளி விழும். மைதானத்தில் அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. இரு பக்கமும் கைகொடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மைனஸ் ஆறரைக்குக் கட்டியவரின் பணம் அந்த எறியில் போய்விட்டது.

உதைபந்தில் கோல்கள் குறைவு என்பதால் கோட்டை இன்னும் நுணுக்கமாக வெட்டுவார்கள். −0.75 என்பது பயமுறுத்தும் எண். உண்மையில் அது பணத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை −0.5 இலும் பாதியை −1 இலும் வைப்பது. அணி ஒரு கோலால் வென்றால் முதல் பாதி வெற்றி, இரண்டாம் பாதி திரும்பி வரும். இரண்டு கோலால் வென்றால் முழு வெற்றி. சமநிலை என்றால் முழுவதும் போய்விடும். இதை ஆசிய ஹன்டிகப் என்பார்கள். இந்தோனேசியாவில் பழக்கத்தில் இருந்த முறைக்கு 1990களின் இறுதியில் ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒருவர் வைத்த பெயர்.

கிரிக்கெட்டுக்கு இந்தச் சட்டை பொருந்தாது. லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி வென்ற இறுதியாட்டங்களையே பாருங்கள்: 2020 இல் 53 ஓட்டங்களால், 2021 இல் 23 ஓட்டங்களால், 2022 இல் 2 விக்கெட்டுக்களால், 2024 இல் 9 விக்கெட்டுக்களால். ஓட்டத்தையும் விக்கெட்டையும் எப்படிக் கழிப்பது? இரண்டாவதாக ஆடும் அணி இலக்கைத் தொட்டதும் ஆட்டம் நின்றுவிடுவதால், அது எவ்வளவு பலம் என்று ஓட்டக் கணக்கில் தெரிவதே இல்லை. அதனால் தெற்காசியாவில் பந்தயம் சிறு துண்டுகளுக்குப் போய்விட்டது: இந்த ஆறு ஓவரில் எத்தனை ஓட்டம், இந்த விக்கெட் விழ எத்தனை, அடுத்த ஓவரில் என்ன. துண்டு சிறிதாகச் சிறிதாக, அதைத் தீர்மானிக்க ஒருவர் போதும் என்றாகிறது. 2010 இல் லோர்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் சொல்லிவைத்து எறிந்த நோ-போல்கள் ஆட்டத்தின் முடிவைத் தொடவேயில்லை. அடுத்த வருடம் இலண்டனில் மூன்று வீரர்கள் சிறைக்குப் போனார்கள்.

ஆட்டத்தின் முடிவைத் தொடாமலே பணத்தைத் தீர்மானிக்கலாம் என்பதே ஸ்பிரெட்டின் ஆக ஆபத்தான இடமும். முன்னர் சொன்ன ஆடுகளத்து ஆட்டத்துக்கும் சீட்டு ஆட்டத்துக்கும் இடையில் உள்ள வெளியில்தான் இடைத்தரகர் நுழைகிறார். ஒரு வீரனிடம் போய் “தோற்றுக்கொடு” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அடித்துக் கலைப்பார்கள். “வெல்லுங்கோ, கட்டாயம் வெல்லுங்கோ; பத்தாலை வெல்லிறதை அஞ்சாலை வெண்டாக் காணும்” என்று கேட்டால்? அணி வெல்கிறது, ஊர் மகிழ்கிறது, யாருக்கும் நட்டமில்லை என்று அவன் நம்பிவிடலாம். நியூயோர்க் சிற்றிக் கல்லூரியின் கூடைப்பந்து அணி 1950 இல் ஒரே பருவத்தில் நாட்டின் இரண்டு பெரிய கல்லூரிக் கிண்ணங்களையும் வென்றது. அடுத்த வருடமே அதன் வீரர்கள் கைதானார்கள். வெற்றி வித்தியாசத்தைக் குறைக்கப் பணம் வாங்கியிருந்தார்கள். விசாரணை ஏழு கல்லூரிகளுக்குப் பரவி, முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களைப் பிடித்தது. அவர்களில் பலர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், இருபது வயதைச் சுற்றியவர்கள். வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயரோடு இருந்தார்கள்.

எங்கள் நாட்டில் இதற்குச் சட்டம் உண்டு. 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க, விளையாட்டுகளுடன் தொடர்புடைய தவறுகளைத் தடுக்கும் சட்டத்தின்படி பத்து வருடம் வரை சிறையும் பத்துக் கோடி ரூபா வரை தண்டமும் விதிக்கலாம். பந்தயத் தொழிலை ஒரே அதிகாரசபையின் கீழ் கொண்டுவருவதற்கு 2025 இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியிருக்கிறது. வெளிநாட்டில் பதிந்த இணையத்தளம் ஒன்றில், முகவரின் பெயரில் கணக்குத் திறந்து பணம் போட்டவருக்கு இவை எவையும் பெரிதாக உதவா. வென்ற பணத்தைத் தராவிட்டால் போய் நிற்க ஒரு வாசல் அவருக்கு இல்லை.

ரெலிகிராமில் “நிச்சய ரிப்ஸ்” விற்பவரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அவர் 640 பேரின் இலக்கங்களை எடுக்கிறார். பாதிப் பேருக்கு −6.5 என்றும் மற்றப் பாதிக்கு +6.5 என்றும் அனுப்புகிறார். தவறாகப் போன 320 பேரை விட்டுவிட்டு, மிஞ்சியவர்களை மறுபடி பாதியாகப் பிரிக்கிறார். ஆறு ஆட்டம் முடிய, பத்துப் பேரின் கையில் ஆறுக்கு ஆறும் சரியான தகவல் இருக்கும். ஏழாவதுக்குக் காசு கேட்பது அந்தப் பத்துப் பேரிடம். அவர்கள் கண்ணால் கண்டதை நம்புகிறார்கள். மற்ற 630 பேரை அவர்கள் காணவில்லை.

வீட்டில் ஒருவர் கட்டத் தொடங்கிவிட்டார் என்றால் திட்டுவதை விட ஒரு நாற்பது பக்கக் கொப்பி கூடப் பயன்படும். திகதி, ஆட்டம், கோடு, போட்ட பணம், திரும்பிய பணம். வேறொன்றும் வேண்டாம். வெற்றி நினைவில் நிற்கும், தோல்வி மறந்துபோகும். கொப்பியில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். ஐம்பது வரி நிரம்பியதும் அவரே கூட்டிப் பார்க்கட்டும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கட்டியவற்றைச் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள். போன பணத்தை மீட்பதற்காக அடுத்ததில் தொகையைக் கூட்டிய இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடன் வாங்கிக் கட்டியது கொப்பியில் தெரிந்தால் அது கணக்குப் பாடத்தோடு தீராது. மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவதற்குத் தயங்க வேண்டாம்.

கழகச் செயலாளர்களுக்கு ஒன்று. உங்கள் வீரன் ஒருவனுக்குத் தெரியாத இலக்கத்திலிருந்து, வித்தியாசத்தைப் பற்றியோ, யார் ஆடப்போகிறார் என்பதைப் பற்றியோ கேட்டுத் தகவல் வந்தால், அதை அழிக்க விடாதீர்கள். திரையைப் படம் பிடித்து, இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி, அன்றைக்கே பயிற்றுநரிடமும் தலைவரிடமும் கொடுங்கள். விளையாட்டுத் தவறுகளை விசாரிப்பதற்கென்றே இருக்கும் விசேட விசாரணைப் பிரிவுக்குக் கழகத்தின் கடிதத் தலைப்பில் எழுதுங்கள். வந்து சொன்ன வீரனை அடுத்த ஆட்டத்தில் வெளியே இருத்தாதீர்கள். அவனை இருத்தினால், அடுத்தவன் உங்களிடம் வந்து சொல்லமாட்டான்.